முட்டைக்குள் ஹாரன்

பேருந்து நிலையத்தில், டயர் கிடங்குக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் உள்ள சின்ன அறை ஒன்று இருக்கிறது. பயணிகள் பேருந்தில் மறந்துவிட்டுப் போகிற சாமான்கள் எல்லாம் அன்று மாலைக்குள் அங்கே வந்து சேரும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் குடையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மழை தொடங்கினால் அவளுடைய அறையில் குடைகள் கூரைவரை குவிந்துவிடும் என்பதால் டிரைவர்களும் கண்டக்டர்களும் சேர்ந்து வைத்த பெயர் இது. வைத்தவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் போகவில்லை.

மறதிக்காரர்களுக்கு அவள் தெய்வம், அவசரக்காரர்களுக்கு எமன். எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும் மூன்று கேள்வி கேட்காமல் பொருளைக் கொடுக்க மாட்டாள். என்ன நிறம், எந்த இருக்கை, உள்ளே என்ன இருக்கிறது. ஒருமுறை நிலைய மேலாளரே தன் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். ஃப்ரேம் என்ன நிறம் என்று கேட்டாள். ஏழு வருடமாக மூக்கில் மாட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு நிறம் தெரியவில்லை.

"அது என் கண்ணாடின்னு உனக்கே தெரியுமேம்மா."

"எனக்குத் தெரியும் சார். உங்களுக்குத் தெரியணுமே."

அவர் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்டுச் சொன்ன பிறகுதான் கண்ணாடி கைக்கு வந்தது. அதற்குப் பிறகு மேலாளர் அந்தப் பக்கமே எதையும் தொலைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய பதிவேடு. எண், பொருள், கிடைத்த இடம், கடைசியாகக் காரணம் என்று நான்கு கட்டம். பொருள் ஏன் அறையை விட்டுப் போனது என்பது அந்தக் கடைசிக் கட்டத்தில் வரவேண்டும். உரியவர் வந்தார், அழுகிவிட்டது, எலி தின்றது, எதுவானாலும் உண்மையைத்தான் எழுதுவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விட்டதில்லை. எழுதியதைத் திருத்த வேண்டியிருந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் சுருக்கொப்பம் போடுவாள். அடுத்தவர் பேனா அந்த ஏட்டில் படக் கூடாது. ஒரு கண்டக்டர் விளையாட்டாக அதில் பூப்படம் போட்டுவிட்டு ஒரு மாதம் அவள் கண்ணில் படாமல் சுற்றியதெல்லாம் நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கல்யாணம் கைகூடவில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததை யாரும் பார்த்ததில்லை. தம்பி வீட்டில் மாடி அறை அவளுடையது. தம்பி மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன், கையில் கிரீஸ் இல்லாமல் அவனைப் பார்த்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தம்பி மனைவி துணிக்கடையில் வேலை செய்கிறாள். இவர்களுக்கு எட்டு வயதில் ஒரே மகள். ஆள் பொடிசு, கோபம் அதற்குச் சம்பந்தமில்லாத அளவு. அதனால் வீட்டில் கடுகு என்று கூப்பிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் கடுகுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தாள், இளைத்துப் போனாள். ஒருநாள் வகுப்பில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தாள். தினமும் நான்கு ஊசி. முதல் வாரம் வீடே அவளைச் சுற்றி நின்று கையைப் பிசைந்தது. இரண்டாவது வாரம் அவளே, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா பார்த்துக்கொண்டிருக்கத் தன் தொடையில் தானே போட்டுக்கொண்டாள். ஊசியை அவள் ஒரு கை பார்த்துவிட்டாள். அவளால் தாங்க முடியாதது வேறொன்று.

தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். அந்தத் தோழிக்கு வாயாடி என்று பெயர், அது எந்த வகுப்பிலும் செல்லுபடியாகும். டாக்டர் அளந்து கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றுதான் சொல்லியிருந்தார். கடுகும் அம்மாவிடம் கணக்குக் கேட்டுக்கொண்டு, ஒரு சின்னத் துண்டு கேக்குக்கு ஏற்ற ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒழுங்காகத்தான் போனாள். தட்டு அவளிடம் வரும்போது வாயாடியின் அம்மா கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஐயோ பாவம், அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துடாதீங்க" என்றாள். இருபது தலை ஒரே சமயத்தில் திரும்பியது. கடுகு தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். அதோடு பிறந்தநாள், கூட்டம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் முழுக்கு. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். ஆறு மாதமாக அந்த வீட்டில் கடுகு இருந்தாள், ஆனால் கடுகின் சத்தம் இல்லை. குடையக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஊர் தொலைத்ததையெல்லாம் எடுத்து வைக்கிறவளுக்குத் தன் வீட்டில் தொலைந்ததை எந்த இருக்கைக்கு அடியில் தேடுவது என்று தெரியவில்லை.

ஈஸ்டர் வந்தது. சர்ச் வளாகத்தில் வருடா வருடம் சிறுவர்களுக்கு முட்டை வேட்டை நடக்கும். எலுமிச்சம்பழ அளவில் பிளாஸ்டிக் முட்டைகள், இரண்டாகத் திறக்கும், உள்ளே மிட்டாயும் சாக்லேட்டும். செடி மறைவிலும் படிக்கட்டு இடுக்கிலும் ஒளித்து வைப்பார்கள். கடுகு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. இந்த வருடம் அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

"நான் வரல அத்தை. கண்டுபிடிச்சு எடுத்து, அப்புறம் எல்லாத்தையும் அடுத்தவங்க கையில கொடுத்துட்டு வரணும். எல்லாரும் பார்ப்பாங்க."

"எந்த முட்டையிலயும் மிட்டாயே இல்லைன்னா?"

"எப்படி இல்லாம போகும்?"

"அது என் பாடு. உன்னால தான்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீ வருவியா, அதைச் சொல்லு."

 கடுகு விரலை நீட்டி நிபந்தனை போட்டாள். "யாராவது ஒருத்தர் பாவம்னு சொன்னாங்கன்னா அந்த நிமிஷமே வீட்டுக்கு வந்துடுவேன். அப்புறம் எப்பவும் எங்கேயும் கூப்பிடக் கூடாது. நீங்களும்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டுத்தான் அதை எப்படி நடத்துவது என்று குடையக்கா யோசிக்கத் தொடங்கினாள்.

முட்டை வேட்டையை நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஞாயிறு வகுப்பு டீச்சர், இன்னொருவர் சாக்லேட் செலவை ஏற்கிற மருந்துக்கடைக்காரர். போன வருடம் முட்டைகளை ஒளித்து வைத்த கூட்டத்தில் குடையக்காவும் இருந்தாள். அன்று ஒரு முட்டையில் எறும்பு ஏறியிருந்தது. மூன்று எறும்பு. குடையக்கா அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு, இந்த வருடம் முட்டையில் மிட்டாயே வேண்டாம் என்று டீச்சரிடம் போய் நின்றாள்.

"நானூறு எறும்பு டீச்சர். ஒவ்வொரு முட்டையிலயும். வெயில்ல சாக்லேட் உருகி வழிஞ்சு, பிள்ளைங்க கையெல்லாம் கடி. ஒரு குழந்தைக்கு உதடு வீங்கிப் போச்சு."

"நான் அங்கேயே தானே நின்னேன். ஒண்ணுகூடப் பார்க்கலையே."

"விசேஷத்துக்கு நீங்க கண்ணாடி போட மாட்டீங்களே, எப்படிப் பார்ப்பீங்க?"

டீச்சர் விசேஷ நாளில் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவது ஊரறிந்த விஷயம். கண்ணாடி போட்டால் வயது தெரிகிறது என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

குடையக்கா அந்த மனிதர் இருப்பதையே அப்போதுதான் உணர்ந்தாள். கடுகுக்கு ஊசியும் மருந்தும் அவர் கடையில்தான் வாங்குகிறார்கள். இந்தச் சுற்று வட்டாரத்தில் மிட்டாய் ஏன் வேண்டாம் என்று உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான்.  அவர் மோவாயைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"டீச்சர், போன ஈஸ்டருக்கு மறுநாள் என் கடையில எறும்புக்கடி களிம்பு ஒரு டியூப்கூட மிச்சமில்லை" என்றார். "அக்கா சொல்றது நிஜம்தான்."

இருபத்திரண்டு வருடமாக ஒரு பொய் எழுதாத மனுஷி புளுகு மூட்டையை அவிழ்க்க, கூட ஒரு கை பிடிக்க ஆள் கிடைத்ததில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். டீச்சர் ஒத்துக்கொண்டார், ஆனால் சும்மா விடவில்லை. தொண்ணூறு முட்டையையும் அவளே நிரப்ப வேண்டும். எந்த முட்டையில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். வாயில் போட்டுக்கொள்கிற பொடிசுகள் கையில் கோலிக்குண்டு போய்விடக் கூடாது. பிள்ளைகள் ஏமாந்து அழுதால் அடுத்த வருடம் பழையபடி சாக்லேட்தான்.

அன்றிலிருந்து மாடி அறை தொழிற்சாலையாகிவிட்டது. தொலைந்த பொருள் அறையிலிருந்து ஒரு பொத்தானைக்கூட அவள் எடுத்து வரவில்லை. யாரும் கேட்டு வராத சாமான்களே மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, எடுத்தால் என்ன என்று தம்பி கேட்டான். "நாளைக்கு வந்து கேட்டா உன்னைக் காட்டட்டுமா?" என்றாள். தெருத்தெருவாக அலைந்து வாங்கினாள். முட்டைக்குள் கட்டைவிரல் அளவுக்குத்தான் இடம் என்பதால் ஒரு காலி முட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்காரர் முன்னாலேயே ஒவ்வொரு பொருளையும் அதற்குள் போட்டு மூடிப் பார்த்தாள். இரண்டு கடையில் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வாங்கி வந்ததைத் தேர்வு செய்வது கடுகு. கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னாள். அழிப்பான் வந்தது. "இது பரிசா, பள்ளிக்கூடமா?" தள்ளுபடி. சின்னச் சீப்பு வந்தது. "பேன் இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு." தள்ளுபடி. வேத வசனம் எழுதிய அட்டை வந்தது. அதைப் பார்க்கக்கூட இல்லை. குடையக்காவுக்கு முதல் நாள் மூக்கு உடைபட்டதுதான் மிச்சம்.

"மிட்டாயை மறக்க வைக்கணும் அத்தை. குலுக்கினா உள்ளே சத்தம் வரணும். சத்தமே வராத முட்டையை யார் திறப்பாங்க?"

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. கோலிக்குண்டு தேறியது. தம்பி பட்டறையில் கிடந்த பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத் துண்டுகள் கொடுத்தான், அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடாததால் முதல் பரிசே அவைதான் என்று கடுகு அறிவித்தாள். கோட்டுப் பொத்தானில் நூலைக் கோத்து இரண்டு கையால் இழுத்தால் விர்ரென்று சுற்றுகிற விளையாட்டைத் தம்பி மனைவி கற்றுக்கொடுத்தாள். அன்று மாலை முழுக்க நான்கு பேரும் விர்ர் விர்ரென்று இழுத்துக்கொண்டிருந்ததில் சோறு தீய்ந்துவிட்டது. பொடிசுகளுக்கு, வாயில் போனாலும் விழுங்க முடியாத அளவில் துணியால் செய்த விரல் பொம்மைகள். அந்த முட்டைகளில் மட்டும் நீலக் கோடு. முளைக்கிற பீன்ஸ் விதைகள் காகிதத்தில் சுற்றி, எப்படி நடுவது என்ற குறிப்போடு. பன்னிரண்டு விசில். கட்டைவிரல் நீளப் பென்சில்கள்.

பென்சிலைத்தான் கடுகு இரண்டு தடவை கையில் எடுத்துப் பார்த்தாள். "இது பரவாயில்லை" என்று ஒன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

விசில் விஷயம் பாதிரியார் காதுக்குப் போய், அவர் தன் காதையே காரணம் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். பன்னிரண்டு முட்டை காலி. குடையக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

கடுகு அவளுடைய கைப்பையில் கிடந்த அட்டை வில்லைகளை எடுத்தாள். நிலையத்தில் ஒவ்வொரு பொருளிலும் கட்டுகிற, ஓட்டை போட்ட அட்டை.

"அத்தை, முட்டைக்குள்ள பொருள்தான் இருக்கணுமா? சீட்டு இருந்தா போதாதா? சீட்டைக் கொண்டு வந்தா வேற ஒண்ணு கிடைக்கும்."

"வேற என்ன?"

"முட்டைக்குள்ள அடங்காத ஒண்ணு." அவள் கண் மின்னியது. ஆறு மாதமாகக் காணாத மின்னல் அது. "பஸ் ஹாரன்."

குடையக்கா மறுநாளே மீசை டிரைவரைப் பிடித்தாள். அவருடைய வண்டிக்கு ஞாயிறு காலை அரைமணி நேரம் ஓய்வு. வண்டியைச் சர்ச் வாசலில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும், பிள்ளைகள் ஒவ்வொருவராக டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பார்கள். அவர் மீசையை முறுக்கினார். "என் ஹாரனை என் பெண்டாட்டியைக்கூடத் தொட விட்டதில்லைக்கா." பிறகு, அவள் ஒரு தடவை இரண்டு நாள் அலைந்து அவருடைய மகளின் பரீட்சைச் சான்றிதழைத் தேடிக் கொடுத்ததை அவரே நினைத்துக்கொண்டு, "மூணு எண்ணுற வரைக்கும்தான், அதுக்கு மேல கிடையாது" என்றார். மேலாளர் அனுமதிக் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேள்வி கேட்டால் அவளும் கேட்பாள் என்ற பயம்.

சனிக்கிழமை மதியம் முட்டைகள் எல்லாம் தயாராகிவிட்டன. பட்டியல் எழுதுவதற்கு ஒரு புது நோட்டை எடுத்தவள், கை போன போக்கில் நான்கு கட்டம் போட்டுவிட்டாள். எண், பொருள், ஒளிக்கும் இடம், காரணம். கட்டம் என்று இருந்தால் நிரப்பியாக வேண்டுமே. கோலிக்குண்டு, சத்தம் வரும். விரல் பொம்மை, விழுங்க முடியாது. விசில், நீக்கப்பட்டது, பாதிரியாரின் காது. அப்படியே எழுதிக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் மிட்டாய் என்று எழுதி, இல்லை என்று எழுதி, காரணக் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு நின்றாள். எறும்பு என்று எழுதப் பார்த்தாள். கை நகரவில்லை. வாயால் நானூறு எறும்பை ஊரெல்லாம் மேய விட்டவளால் ஏட்டில் ஒரு எறும்பை ஏற்ற முடியவில்லை. நோட்டு தன் பையில்தானே இருக்கப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளதை எழுதி மூடினாள். இந்த ஒரு மனுஷியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் வளாகம் அமர்க்களப்பட்டது. முதல் முட்டையைத் திறந்த பையன் காந்தத்தைப் பார்த்துவிட்டு, "மிட்டாய் எங்கே?" என்று கேட்டான்.  அவன் காந்தத்தைக் கேட் கம்பியில் ஒட்டிப் பார்த்தான், சைக்கிளில் ஒட்டிப் பார்த்தான், தன் அப்பாவின் பெல்ட்டில் ஒட்டிப் பார்த்தான். பிறகு மிட்டாயைப் பற்றிக் கேட்கவில்லை. மூலைக்கு மூலை பொத்தான்கள் விர்ரிட்டன. முதல் சீட்டு கிடைத்த பெண் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். முதல் ஹாரன் எழுந்தபோது பாதிரியார் வெளியே ஓடி வந்தார்.

"விசில்தானே வேண்டாம்னு சொன்னீங்க ஃபாதர்" என்றாள் குடையக்கா.

ஹாரன் என்றதும் எள் விழ இடமில்லாத கூட்டம் கூடிவிட்டது. சீட்டு இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். வரிசையைக் காக்க அவள் நோட்டையும் பையையும் மேசையில் வைத்துவிட்டுப் பேருந்துப் படிக்குப் போனாள். கடுகு கூட்டத்தின் நடுவில், கூடையில் ஐந்து முட்டையோடு, இரண்டு பிள்ளைகளுக்குப் பொத்தான் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குரல் வாசல்வரை கேட்டது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே குடையக்கா படியில் நின்றாள். அதைவிட ஒரு சந்தோஷம் அவளுக்கு அன்று தேவையாக இல்லை.

அங்கேதான் சனி பிடித்தது. ஒரு தாய், தன் மூன்று வயதுப் பிள்ளை நாற்பத்தேழு என்று எண் எழுதிய முட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே என்னவென்று தெரியவில்லை என்று டீச்சரிடம் வந்தாள். டீச்சர் மேசையில் இருந்த நோட்டைத் திறந்தார். கண்ணாடி வழக்கம்போல வீட்டில் இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் நோட்டை நீட்டி, "நாற்பத்தேழுல என்ன இருக்குன்னு படிம்மா" என்றார். பக்கத்தில் நின்ற பிள்ளை வாயாடி.

"நாற்பத்தேழு, விரல் பொம்மை, படிக்கட்டு, விழுங்க முடியாது" என்று படித்தாள். அங்கே நிறுத்துகிற ஜென்மமா அது. பக்கத்தைப் புரட்டினாள். விசிலைப் படித்தாள், பாதிரியாரின் காதைப் படித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்த உற்சாகத்தில் குரலை இன்னும் உயர்த்திக் கடைசி வரியைப் படித்தாள்.

"மிட்டாய், இல்லை. காரணம், தம்பி மகளுக்குச் சர்க்கரை நோய். எறும்பு காரணம் அல்ல."

 தலைகள் திரும்பின. பிறந்தநாள் அன்று திரும்பிய அதே தலைகள், இப்போது இன்னும் கூடுதலாக. குடையக்கா பேருந்துப் படியில்தான் நின்றிருந்தாள். தன் கையால், தன் எழுத்தால், தானே குட்டை உடைத்துவிட்டோம் என்று தெரிந்தது. கூட்டத்தில் வாயாடியின் அம்மா நெஞ்சில் கைவைத்து, "ஐயோ, பா..." என்று தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் இருக்கையில் இருந்த பிள்ளை ஹாரனை அழுத்தியது. மூன்று எண்ண மறந்துபோய் மீசை டிரைவரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால் ஹாரன் நிற்கவே இல்லை. அந்த அம்மாள் வாய் அசைந்தது, வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை.

ஹாரன் ஓய்ந்தபோது வாயாடி கடுகின் முன்னால் வந்து நின்றிருந்தாள். "அப்போ எறும்பு இல்லையா?"

கடுகு வீட்டுப் பக்கம் பார்த்தாள். கேட் திறந்திருந்தது. பிறகு வாயாடியைப் பார்த்தாள்.

"இல்லை. எனக்குத்தான். அதனாலதான் மிட்டாய் வேண்டாம்னு அத்தை சொன்னாங்க."

"அது எப்போ சரியாகும்?"

"ஆகாது. எப்பவும் இருக்கும்."

வாயாடி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "அப்போ அடுத்த வருஷமும் மிட்டாய் கிடையாதா?"

"கிடையாது."

"அப்போ அடுத்த வருஷமும் ஹாரன் உண்டா?"

கடுகு திரும்பிப் பேருந்துப் படியைப் பார்த்தாள். குடையக்கா மீசை டிரைவரைப் பார்த்தாள். அவர் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

"உண்டு" என்றாள் கடுகு.

"அதுக்கு அடுத்த வருஷம்?"

"அதுதான் எப்பவும் இருக்கும்னு சொன்னேன்ல."

வாயாடி வரிசையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள். "டேய், இவளுக்குச் சரியாகவே ஆகாதாம். வருஷா வருஷம் ஹாரன்."

பிள்ளைகள் போட்ட கூச்சல் அடுத்த தெருவரைக்கும் போயிருக்கும். ஒருவன் துள்ளினான், ஒருத்தி கடுகின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நாலு ஊசி யார் போடுகிறார்கள் என்று ஒருவன் கேட்டான், நானேதான் என்றாள், வலிக்குமா என்று கேட்டான், வேணும்னா காட்டட்டுமா என்றதும் இரண்டடி பின்னால் போனான். பெரியவர்கள் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். தம்பி மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். ஆறு மாதமாக அந்தச் செய்தியைக் கேட்ட ஒவ்வொருவரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள்; கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் இவர்கள்தான். கடுகு முதலில் திகைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை, கூடையிலிருந்த முட்டைகள் குலுங்கிச் சத்தம் போட்டன.

அரைமணி ஒரு மணியாகி, மீசை டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் காது அன்று முழுக்கப் பாடிக்கொண்டிருந்ததாக மறுநாள் கண்டக்டர்கள் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் காலி முட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"களிம்பு நிஜமாவே தீர்ந்துபோச்சா?" என்று கேட்டாள் குடையக்கா.

"அன்னைக்கு வாங்கினதுல ஒரு டியூப்கூட விக்கல. எறும்பு வரும்னு இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அவர்.

மேசையைச் சுத்தம் செய்யும்போது அவள் நோட்டைத் திறந்தாள். கடைசி வரியை அடித்துவிடலாம் என்றுதான் திறந்தாள். யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதியிருந்த காரணத்தின் மேல் ஒரே ஒரு கோடு, அவள் போடுவது போலவே நேராக. அதன் கீழே, கட்டைவிரல் நீளப் பென்சிலால், அழுத்தி எழுதிய பெரிய எழுத்தில்: ஹாரன் இருந்ததால்.

அடுத்தவர் கை பட்ட ஏடு. அவள் பேனாவை எடுத்து, அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள்.